மரத்தில் மலரும் சித்திரம்: நுண்வாள் வேலைப்பாடு, ஓர் அறிமுகம்

கற்றவர் கையில் மரத்தூள் படலாகாது என்றோர் எண்ணம் நம்மிடையே எவ்வாறோ வேரூன்றிவிட்டது. ஏட்டுக் கல்வியை ஒருபுறமும் கைத்தொழிலை மறுபுறமும் நிறுத்தி, முன்னதற்கு மாலையும் பின்னதற்கு இரக்கமும் அளித்து வருகிறோம். இஸ்லாம் காட்டும் நெறி இதுவன்று. தம் கையால் உழைத்து உண்பதினும் மேலான உணவு ஒருவர்க்கு இல்லை என்றும், தாவூத் நபி (அலை) அவர்கள் அவ்வாறே உண்டு வாழ்ந்தார்கள் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார். ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது இமாம் முஸ்லிம் அவர்களின் தொகுப்பில் இடம்பெற்ற செய்தியாகும். மதீனத்துப் பள்ளியில் அண்ணலார் நின்று உரையாற்றிய மிம்பரும், அருகிலிருந்த காட்டு மரத்தைக் கொண்டு ஒரு தச்சர் செய்து தந்ததேயாம்.

இத்தகைய மரபுக்கு உரிய நாம், ஓய்வு நேரத்தில் பயிலத்தக்க ஒரு மரவேலையை அறிந்து கொள்வது பொருத்தமுடையது. மெல்லிய பலகையில் பூவும் கொடியும் விண்மீனும் எழுத்தும் அறுத்தெடுக்கும் நுண்வாள் வேலைப்பாடே அது.

நுண்வாள் என்பது யாது?

தச்சர் கையாளும் கைவாள் அகன்றது. நேர்கோட்டில் அறுப்பதற்கு ஏற்றது. வளைந்த கோட்டில் அதனைத் திருப்ப இயலாது. வாளின் அலகு எவ்வளவு குறுகலோ, அவ்வளவு நெருக்கமான வளைவில் அது திரும்பும். இந்த எளிய உண்மையின்மீது எழுந்ததே நுண்வாள். இதன் அலகு ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமும், ஒரு மில்லிமீட்டர் அளவான அகலமும் உடைய எஃகு இழை. அதன் ஒருபுறம் நுண்ணிய பற்கள் இருக்கும்.

இவ்வளவு மெல்லிய இழை தானே நிமிர்ந்து நில்லாது. ஆதலின், கிடத்தி வைத்த ‘ப’ வடிவச் சட்டம் ஒன்றின் இரு முனைகளுக்கிடையே அதனை இழுத்துக் கட்டுவர். விரலால் சுண்டினால் வீணைத் தந்திபோல் தெளிவாக ஒலிக்குமாயின் இழுவிசை சரி எனக் கொள்ளலாம். தளர்ந்த அலகு கோட்டை விட்டு விலகும். விரைவில் முறியவும் செய்யும். சட்டத்தின் ஆழம் ஏன் மிகுதியாக உள்ளது என்று வினவலாம். பலகையின் ஓரத்திலிருந்து எவ்வளவு தொலைவு உள்ளே சென்று அறுக்க முடியும் என்பதை அவ்வாழமே முடிவு செய்கிறது.

ஆங்கிலத்தில் இதனைப் ‘பிரெட் சா’ என்பர். ஜெர்மானியர் ‘லாப்சேகெ’ என வழங்குவர். ‘இலைவாள்’ என்பது அதன் பொருள். இலையும் கொடியும் அறுப்பதற்கே பெரிதும் பயன்பட்டமையின் அப்பெயர் அழகாகப் பொருந்துகிறது. இதே தத்துவத்தில் மின்விசையால் இயங்கும் பொறி ‘ஸ்க்ரோல் சா’ எனப்படும்.

கடந்து வந்த பாதை

பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயியின் அரண்மனைக் கலைஞராக 1672இல் அமர்த்தப்பட்ட ஆந்த்ரே சார்ல் பூல் (1642–1732) இக்கலையில் பெரும்புகழ் ஈட்டியவர். பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டையும் ஒரே அறுப்பில் அறுப்பது அவர்தம் பட்டறையின் முறை. ஒன்றில் அறுந்த பூ, மற்றொன்றில் அறுந்த வெற்றிடத்தில் பிசிறின்றிப் பொருந்தும். ஓர் உழைப்பில் இரண்டு சித்திரங்கள் கிடைக்கும்.

1760களில் இலண்டனைச் சேர்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்பார் நிலப்படங்களை மகாகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின்படி அறுத்தெடுத்து, சிறுவர்க்குப் பூகோளம் கற்பிக்கும் துண்டுப் புதிராக விற்றார். இன்று வீடுதோறும் காணப்படும் ‘ஜிக்சா’ புதிர் அவ்வாறு பிறந்ததே. விளையாட்டுப் பொருளென நாம் கருதுவது, தோன்றியபோது பாடக்கருவியாக இருந்தது என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரத்துப் பார்ன்ஸ் நிறுவனம் காலால் மிதித்து இயக்கும் அறுப்புப் பொறிகளைச் செய்து விற்றது. இங்கிலாந்தின் டெரெஹாம் என்னும் சிற்றூரில் இயங்கிய ஹாபீஸ் நிறுவனம் 1895இல் வார இதழ் ஒன்றைத் தொடங்கி, அறுப்பதற்குரிய வரைபடத்தையும் இணைப்பாக வழங்கிற்று. தொழிலாளர் இல்லங்களிலும் இரவு விளக்கொளியில் நுண்வாள் ஒலித்தது இவ்வாறே. அரண்மனைக் கலை குடியானவரின் பொழுதுபோக்காக மாறிய கதை இது.

நம் நாட்டிலும் இதன் சாயல்கள் உண்டு. உத்தரப் பிரதேசத்துச் சகாரன்பூர், மரச்செதுக்குக்கும் துளைச் சாளர வேலைக்கும் பெயர் பெற்ற ஊர். மைசூரில் ஈட்டி மரப் பலகையில் பல நிற மரத்துண்டுகளை நுண்வாளால் அறுத்துப் பதிக்கும் கலை இன்றும் நடைபெறுகிறது. சாயமேற்றாமல் மரங்களின் இயற்கை நிறங்களைக் கொண்டே வானும் நீரும் யானையும் அதில் உருவாகின்றன. பல முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் ஈடுபட்டு வருகின்றன. நம் பொழுதுபோக்கு அவர்தம் வாழ்வு என்பதை மறத்தலாகாது.

தொடக்கப் பயிற்சி: எண்முனை விண்மீன்

செயல்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தேவையானவை: நுண்வாள் ஒன்று, அலகுகள் பத்துப் பன்னிரண்டு, 2 மில்லிமீட்டர் துரப்பணம், உப்புத்தாள், 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒட்டுப்பலகை. தொடக்கத்தில் ஒட்டுப்பலகையே ஏற்றது. அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் மெல்லிய சட்டங்களும் எளிதில் ஒடியா. தனி மரப்பலகையிலோ, நாரோட்டத்திற்குக் குறுக்கே அமைந்த சட்டம் சிறு அழுத்தத்திலும் ஒடிந்துவிடும்.

15 சென்டிமீட்டர் சதுரப் பலகையில் 6 சென்டிமீட்டர் ஆரமுடைய வட்டம் வரைக. வட்டத்தின்மேல் சம இடைவெளியில் எட்டுப் புள்ளிகள் இடுக. ஒன்றுவிட்டு ஒன்றாக அப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அமையும். பள்ளிவாசல் சுவர்களிலும் சாளரங்களிலும் நாம் காணும் எண்முனை விண்மீன் இதுவே. ஒவ்வொரு கோட்டையும் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டையாகத் தடிப்பாக்கி, இடைப்பட்ட பகுதிகளுக்கு நிழலிடுக. நடுவில் ஓர் எண்கோணம், அதனைச் சூழ எட்டு முக்கோணங்கள், அவற்றுக்கு அப்பால் வட்டத்தை ஒட்டி எட்டு இடைவெளிகள் என மொத்தம் 17 பகுதிகள் வரும். நீக்கப்பட வேண்டியவை அவை.

17 பகுதிகளிலும் துளையிட வேண்டும். அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளை வழியே நுழைத்து, மீண்டும் இழுத்துக் கட்டி அறுக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் மறுபடியும் கழற்றி அடுத்த துளையில் நுழைக்க வேண்டும். பதினேழு முறை கழற்றி மாட்டும் இப்பணியே பொறுமையின் முதற்பாடம்.

மேசை விளிம்பில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் வெட்டிய சிறு பலகையைத் திருகிப் பொருத்தி, அப்பிளவின்மேல் வேலைப் பலகையை வைத்து அறுத்தல் முறையாகும். அலகின் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் வாள் கீழே இறங்கும்போது அறுக்கும்; பலகையும் மேசையில் அழுந்தி நிற்கும். வாள் செங்குத்தாக மேலும் கீழும் மட்டுமே இயங்குக. வளைவு வரும்போது வாளைத் திருப்பாமல் பலகையைத் திருப்புக. கூர்மூலை வந்தால் முன்னே தள்ளாது, நின்ற இடத்திலேயே வாளை இயக்கிக் கொண்டு பலகையை மெல்லத் திருப்புக. அலகுகள் முறிவது பெரும்பாலும் கூர் மழுங்கியதால் அன்று. அவசரத்தால் தள்ளுவதாலும் முறுக்குவதாலுமே.

எதனை முதலில் அறுப்பது? சிறிய முக்கோணங்களை முதலிலும், வட்டத்தை ஒட்டியவற்றை அடுத்தும், நடு எண்கோணத்தை இறுதியிலும் அறுத்தல் நன்று. பெரிய வெற்றிடம் முதலில் தோன்றினால் சுற்றியுள்ள மெல்லிய பட்டைகள் தாங்குதலின்றி அதிர்ந்து ஒடியும். அறுக்கும்போது பற்கள் கீழ்ப்புறமாக வெளியேறுவதால் அடிப்பக்கம் பிசிறும். பழைய அட்டை ஒன்றைக் கீழே சேர்த்து ஒட்டி அறுத்தால் இக்குறை நீங்கும். அலகில் மெழுகுதிரியைத் தேய்த்துக் கொண்டால் வாள் வழுக்கிச் செல்லும். இறுதியில் 120ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, பின் 220ஆம் எண்ணால் மெருகேற்றி வார்னிஷ் பூசலாம். மரத்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. காற்றோட்டமான இடத்தில், மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்து வேலை செய்தல் இன்றியமையாதது.

எழுத்தை அறுத்தல்

தமிழ்த்துறை மலரில் எழுத்தைப் பற்றிப் பேசாது விடுதல் முறையன்று. பூவை அறுப்பதினும் எழுத்தை அறுப்பது கடினம். பலகையில் எழுத்தின் வடிவத்தைத் துளையாக்க எண்ணினால், ‘வ’, ‘ல’, ‘ள’, ‘ண’ ஆகிய எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் மரம் எதனோடும் ஒட்டின்றி உதிர்ந்து விழும். மாறாக, எழுத்தை நிறுத்திப் பின்புலத்தை நீக்கினாலோ, மெய்யெழுத்தின் புள்ளி தனித்து நிற்க இயலாது வீழும். எனவே உரிய இடங்களில் சிறு பாலங்கள் விட்டு எழுத்தை வரைதல் வேண்டும்.

அரபு எழுத்தில் இச்சிக்கல் இன்னும் பெரிது. ‘பே’, ‘தே’, ‘ஸே’ ஆகியவற்றை வேறுபடுத்துவன புள்ளிகளே. ஒரு புள்ளி உதிர்ந்தால் எழுத்து மாறும். எழுத்து மாறினால் பொருளும் மாறும். ஆதலின், கை பழகும்வரை பூவும் வடிவியல் கோலமும் அறுத்தலே தக்கது. இறைவசனம் வரைந்த தாளைப் பலகையில் ஒட்டி அறுத்தால், அத்தாளின் துண்டுகள் தூளோடு தரையில் விழுந்து மிதிபட நேரும். பலகைக்கு அடியில் துணி விரித்து அவற்றைச் சேகரித்தல் பேணுதலான செயல்.

பொறி வந்தபின் கை எதற்கு?

மின்பொறியின் அலகு நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 முதல் 1,800 முறை வரை மேலும் கீழும் இயங்கும். அது போதாதென்று இன்று கணினி வழி இயங்கும் லேசர் கருவியும் வந்துவிட்டது. நாள் முழுதும் கையால் செய்யும் வேலையை அது சில நிமிடங்களில் முடித்துவிடும். பின் நாம் ஏன் பதினேழு முறை கழற்றி மாட்ட வேண்டும் என்று மாணவர் கேட்பது நியாயமே.

இதற்கு விடையாக ஒரு வரலாற்றை நினைவூட்டலாம். சுல்தான் நூருத்தீன் அவர்கள் பைத்துல் முகத்தஸ் மீட்கப்படும் நாளுக்கென 1168இல் அலெப்போ நகரில் ஒரு மிம்பர் செய்யப் பணித்தார். அந்நாளைக் காணாமலே அவர் மறைந்தார். 1187இல் சலாகுத்தீன் அய்யூபி அவர்கள் அந்நகரை மீட்டு அம்மிம்பரை அக்ஸா பள்ளியில் நிறுவினார். ஆயிரக்கணக்கான மரத்துண்டுகள் ஆணியும் பசையுமின்றி ஒன்றையொன்று கவ்வி நின்ற அற்புதம் அது. எட்டு நூற்றாண்டுகள் தாங்கிய அம்மிம்பர் 1969 ஆகஸ்டு 21ஆம் நாள் தீவைப்பில் எரிந்தது.

அதனை மீளச் செய்ய முற்பட்டபோதுதான் இழப்பின் முழு அளவு தெரிந்தது. மரம் கிடைத்தது, பொருளும் கிடைத்தது. ஆனால் அக்கோலங்களின் வடிவியல் இரகசியமும், துண்டுகளைக் கோக்கும் கைத்திறனும் எளிதில் கிடைக்கவில்லை. எஞ்சிய சிதைவுகளையும் பழைய நிழற்படங்களையும் ஆராய்ந்து, பல நாட்டுத் தச்சர்களை ஜோர்தானில் ஒன்றுகூட்டி, அரிதின் முயன்றே புதிய மிம்பரைச் செய்ய முடிந்தது. 2007இல் அது அக்ஸாவில் நிறுவப்பட்டது. இடையில் 38 ஆண்டுகள் கடந்திருந்தன.

அம்மிம்பர் நுண்வாளால் மட்டும் ஆனதன்று; உளியும் இணைப்பும் அதில் பெரும்பங்கு வகித்தன. எனினும் அது கற்பிக்கும் பாடம் நமக்கும் உரியது. எரிந்த மரத்திற்கு ஈடாக வேறு மரம் வளரும். கையிலிருந்து கைக்கு வரும் அறிவு ஒருமுறை அறுபட்டால், அதனை மீட்பது அரிதினும் அரிது. பொறி வடிவத்தைத் தரும்; மரத்தின் நாரோட்டத்தை விரல் நுனியில் உணர்த்தாது. எந்தப் பட்டை தாங்கும், எது ஒடியும் என்பதை அறுத்தவரே அறிவார்.

நிறைவாக

இக்கலைக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு சட்டமும் சில அலகுகளும் ஒரு பலகையும் போதும். மாணவர் விடுதிகளில் ஓர் அறையை இதற்கென ஒதுக்கலாம். ஊரிலுள்ள முதிய தச்சர் ஒருவரை அழைத்து, ஆசிரியருக்குரிய மதிப்புடன் அமர்த்தி, வாரம் ஒருநாள் கற்பிக்கச் செய்யலாம். மூத்தோர் இதற்கு உதவ முன்வருதல் வேண்டும். அவ்வறையில் மாணவர் கற்பது மரத்தை அறுக்க மட்டுமன்று. உழைப்பவர் முன் பணிவுடன் அமரவும் கற்பர்.

வரைந்த கோட்டை விட்டு விலகாமல், அவசரப்படாமல், ஒடிந்த அலகை மாற்றிக்கொண்டு மீண்டும் தொடங்கும் பண்பு மரவேலைக்கு மட்டும் உரியதன்று. கல்விக்கும் வாழ்வுக்கும் அதுவே வேண்டப்படுவது. அப்பொறுமையை நம் இளைஞர்க்கு வல்ல இறைவன் வழங்கியருள்வானாக.