சுகமான காலணியா, தடுக்காத காலணியா?

பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ உங்கள் எண் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில், தாதியரின் கால்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வகைக் காலணிதான். விரல்கள் மூடியிருக்கும். குதிகால் உயரம் இராது. அடிப்பாகம் ரப்பர். அழகுக்காக யாரும் அதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

வேலைநேரம் முழுவதும் அவர்கள் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்கிறார்கள். தரையில் தண்ணீரோ மருந்தோ சிந்தியிருக்கலாம். தள்ளுவண்டியின் சக்கரம் விரல்மேல் ஏறலாம். நோயாளியைத் தாங்கிப் பிடித்து நடத்திச் செல்லும்போது தாதியின் கால் வழுக்கினால், விழுவது இரண்டு பேர். ஆகவே அவர்களுடைய காலணி காலுக்குச் சுகமாக இருந்தால் மட்டும் போதாது. அவர்களைத் தடுக்கிவிடாமலும் இருக்கவேண்டும்.

உங்கள் வீட்டுச் சமையலறையிலும் தண்ணீர் சிந்துகிறது. ஈரச்சந்தையின் தரையும் நனைந்தே கிடக்கிறது. ஆனால் நம்மில் பலர் காலணி வாங்கும்போது சுகத்தை மட்டுமே பார்க்கிறோம். அதிலும் சுகம் என்றால் தளர்வு என்று எண்ணிக்கொள்கிறோம்.

தளர்ந்த காலணியின் தொல்லை

கால் வீங்குகிறது, விரல் வலிக்கிறது என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவது வழக்கம். அல்லது, குனிந்து மாட்டவேண்டாமே என்று பின்புறம் திறந்த சிலிப்பரை வாங்குகிறோம். இவற்றில் கால் உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். காலணி கழன்றுவிடாமல் இருக்க, நம்மை அறியாமலே விரல்களை மடக்கி அதைப் பிடித்துக்கொள்கிறோம். பாதத்தை முழுமையாகத் தூக்காமல் தேய்த்து நடக்கிறோம். அப்போது நடைபாதையில் அரை அங்குலம் தூக்கி நிற்கும் ஒரு கல் போதும், கால் தடுக்கிவிடும்.

மருத்துவமனை ஊழியர்களைப் பார்த்து, தடித்த ரப்பர் ‘கிளாக்’ காலணியைப் பல மூத்தோர் வாங்குகிறார்கள். அதன் பின்வாரை முன்னால் தள்ளிவிட்டு, சிலிப்பரைப் போல் போட்டு நடப்பவர்களே அதிகம். அப்படி அணிந்தால் அதுவும் தளர்ந்த சிலிப்பர்தான். பின்வாரைக் குதிகாலுக்குப் பின்னால் மாட்டுங்கள். மென்மையான ரப்பர் காலணியுடன் மின்படிக்கட்டில் ஏறினால், ஓரத்தை உரசாமல் நடுவில் நில்லுங்கள். அந்த இடுக்கில் மென்மையான ரப்பர் சிக்கிக்கொள்ளக்கூடும்.

மெத்தென்ற அடிப்பாகமும் அளவோடு இருக்கவேண்டும். மிகத் தடிமனாகவும் மென்மையாகவும் இருந்தால், கீழே தரை சமமாக இருக்கிறதா சரிந்திருக்கிறதா என்பது பாதத்துக்குத் தெரியாது. பஞ்சு மெத்தைமேல் நடப்பதுபோல் உடல் ஆடும்.

வழுக்காத காலணி நல்லதுதான். ஆனால் பிடிப்பு கூடக்கூட எல்லாருக்கும் நல்லது என்று சொல்ல முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகோ பார்க்கின்சன் நோயாலோ காலைத் தேய்த்து நடப்பவருக்கு, மிகவும் பிடிப்பான ரப்பர் உலர்ந்த தரையில் சட்டென ஒட்டி நின்றுவிடும். உடல் மட்டும் முன்னே போய்விடும். இவர்கள் புதுக் காலணி வாங்குமுன் இயன்முறைச் சிகிச்சையாளரிடம் கேட்பது நல்லது.

வீட்டுக்குள்

காலணியை வாசலில் விடுவது நம் வழக்கம். அதை மாற்றவேண்டியதில்லை. ஆனால் வழுவழுப்பான தரையில் காலுறை மட்டும் அணிந்து நடப்பதைத் தவிர்க்கவேண்டும். நடை தள்ளாடுபவர்கள், வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று பின்புறம் மூடிய இலேசான காலணி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். வெளியே போகாத காலணி என்பதால் வீட்டின் தூய்மையும் கெடாது.

கழிவறை வாசலில் கிடக்கும் செருப்பைப் பாருங்கள். பல வீடுகளில் அது குடும்பத்திலேயே பெரிய கால் உள்ளவரின் அளவில் இருக்கும். எல்லாரும் அதையே போடுவார்கள். அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். இரவில் அவசரமாக எழுந்து, அரைத்தூக்கத்தில், அதை மாட்டிக்கொண்டு வாசல் படியைத் தாண்டுவது ஆபத்தானது. உங்கள் அளவில் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். தரையைத் தொடும் கைலியையும் சேலையையும் சற்றுத் தூக்கிக் கட்டுவதும் உதவும்.

வாங்கும்போது

மாலையில் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்தபின் பாதம் சற்றுப் பெருத்திருக்கும். இரண்டு கால்களிலும் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை விரல்களால் அழுத்தினால் அது எளிதில் மடங்கக்கூடாது. காலணியை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளையவேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் வேண்டாம். குதிகால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் உயராமல் இருப்பது நல்லது. நாடா கட்டச் சிரமப்படுபவர்களுக்கு ஒட்டுப்பட்டை வைத்தது ஏற்றது. நாற்காலியில் உட்கார்ந்தே அணியுங்கள்.

தீபாவளிக்கு வாங்கி, “நல்லது” என்று அலமாரியில் பூட்டி வைத்த காலணி இருக்கிறதா? நம் ஊர் ஈரக்காற்றில் சில காலணிகளின் அடிப்பாகம் போடாமலே உதிர்ந்துபோகும். ஈராண்டு கழித்துத் திருமணத்துக்குப் போட்டுச் செல்லும்போது பாதி வழியில் பிய்ந்து வரும். எடுத்து அணியுமுன் கையால் வளைத்துப் பாருங்கள். விரிசல் கண்டால் போட்டுவிடாதீர்கள். நல்ல காலணியை அடிக்கடி போட்டு நடப்பதே அதைப் பாதுகாக்கும் வழி.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றைக் கூடுதலாகச் செய்யவேண்டும். உணர்வு மங்கிய பாதத்துக்குக் காலணி கடிப்பதும் தெரியாது, உள்ளே கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கழற்றியபின் பாதத்தில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள். பலதுறை மருந்தகங்களில் நீரிழிவு நோயாளிகளுக்குப் பாதப் பரிசோதனை செய்கிறார்கள். அன்றாடம் அணியும் காலணியோடு செல்லுங்கள். சந்திப்புக்கென்று எடுத்து வைத்த புதிய காலணியை அணிந்து போகவேண்டாம்.

உதவி தேவையானால்

வீவக வீட்டில் வசிக்கும் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய சிங்கப்பூரர் உள்ள குடும்பங்கள் ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் கழிவறைத் தரையை வழுக்காததாக்கவும் கைப்பிடிகள் பொருத்தவும் வீவக கிளையில் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயதுக்குள் இருந்து, குளித்தல், உடுத்துதல் போன்ற அன்றாடச் செயல்களுக்கு உதவி தேவைப்படுவோரும் தகுதி பெறலாம். செலவில் பெரும்பகுதிக்கு அரசாங்க மானியம் உண்டு.

ஒருமுறை தடுக்கி விழுந்திருந்தால், அடிபடாவிட்டாலும் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொல்லுங்கள். “பிள்ளைகள் பயப்படுவார்கள்” என்று மறைப்பவர்கள் உண்டு. காரணம் காலணியாக இருக்கலாம். இரத்த அழுத்த மருந்தாகவோ கண்பார்வையாகவோகூட இருக்கலாம். விழுந்து எழ முடியாமல் இருந்தாலோ இடுப்பு கடுமையாக வலித்தாலோ, யாரும் உங்களை இழுத்துத் தூக்கவேண்டாம். 995 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.