யானைப் பாதையும் வாத்தியக்குழுவும்

துரை பங்களா மேட்டிலும் லயன்கள் பள்ளத்திலுமாக அமைந்த நில ஒழுங்கை வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில் நாள்தோறும் பார்த்துப் பழகியவர்களுக்கு, 1954ஆம் ஆண்டில் பரமவுன்ட் நிறுவனம் வெளியிட்ட ‘எலிபன்ட் வோக்’ என்னும் வர்ணப் படத்தின் கதை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதைக்குக் குறுக்கே பெரிய துரை ஒருவர் பிடிவாதமாகப் பங்களா கட்டுகிறார். அவர் இறந்தபின் மகன் இங்கிலாந்திலிருந்து மணமுடித்து அழைத்துவரும் துரைசானி, கணவனோடு மட்டுமன்றி, மாண்டும் மாளாத மாமனாரின் அதிகாரத்தோடும் குடித்தனம் நடத்த வேண்டியவளாகிறாள். தோட்டத்தில் வாந்திபேதி பரவுகிறது. இறுதியில் யானைக் கூட்டம் மதிலை உடைத்து உட்புகுந்து பங்களாவை நாசமாக்குகிறது. படப்பிடிப்பின்போது நோயுற்று விலகிய விவியன் லீயின் ஸ்தானத்தில் எலிசபெத் டெய்லர் நடித்ததும், தூரக்காட்சிகள் சிலவற்றில் லீயின் உருவமே எஞ்சிவிட்டதும் சினிமா ரசிகர்கள் சுவைத்துப் பேசும் செய்திகள். சாதாரணமான இந்தக் கதையைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது, அதற்குப் பின்னணி இசை அமைத்தவர் பிரான்ஸ் வாக்ஸ்மன் என்பதே.

1906ஆம் ஆண்டில், இன்று போலந்தில் உள்ள மேல் சைலேசியப் பகுதியில், யூதக் குடும்பமொன்றில் பிறந்த வாக்ஸ்மன், பெர்லினில் சினிமா சங்கீதத்தில் பெயரெடுக்கத் தொடங்கிய வேளையில் நாஜிக் கும்பலொன்றால் தெருவில் தாக்கப்பட்டு, 1934இல் பாரிசுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் சென்றார். வியன்னாவிலிருந்து மக்ஸ் ஸ்டைனரும், அதே நகரில் பால மேதையாகக் கீர்த்தி பெற்ற கோர்ன்கோல்டும், புடாபெஸ்டில் பிறந்த மிக்லோஸ் ரோசாவும் வெவ்வேறு காரணங்களால் அங்கே வந்து சேர்ந்தவர்களே. நாம் ஹொலிவுட் சங்கீதம் என்று சொல்வது பெரும்பாலும் மத்திய ஐரோப்பாவின் இசை அரங்குகளிலிருந்து பெயர்ந்து வந்த ஞானம்.

அவர்கள் வேலை செய்த முறை நம்மவர் பலர் எண்ணுவதற்கு மாறானது. படம் முழுவதும் எடுத்து வெட்டி ஒட்டிய பிறகே இசையமைப்பாளரை அழைப்பார்கள். எந்தக் காட்சிக்கு எத்தனை விநாடி இசை வேண்டும் என்ற கணக்கோடு, சில வார அவகாசத்துக்குள் அவர் முழு வாத்தியக்குழுவுக்கும் எழுதித் தர வேண்டும். பெரிய நிறுவனங்கள் ஐம்பது பேர் அளவிலான குழுக்களை மாதச் சம்பளத்துக்கே வைத்திருந்தன. 1958ஆம் ஆண்டின் இசைக்கலைஞர் வேலைநிறுத்தத்தோடு அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. திரையில் படம் ஓட, அதைப் பார்த்தபடியே நடத்துநர் கோலை அசைப்பார். கதவு சாத்தப்படும் அதே கணத்தில் பேரிகையின் அடி விழ வேண்டும்.

இத்தனையும் எதற்கென்று கேட்பவருக்கு நான் நம் காமன் கூத்தையே காட்டுவேன். ரதியும் மன்மதனும் ஆடிக்கொண்டிருக்கும் களத்துக்குள் வீரபத்திரன் இன்னும் கால் வைக்காத வேளையிலேயே, தப்பின் அடி மாறுவதைக் கேட்டு, வரப்போவது யார் என்பதைத் தோட்டத்துக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒரு பாத்திரத்துக்கு ஒரு சிறு இசைத்துணுக்கை உரித்தாக்கி, அப்பாத்திரம் மறைந்திருக்கும்போதும் அத்துணுக்கை ஒலிக்கச் செய்து, உருவமில்லாமலே அதைக் களத்தில் நிறுத்துவதுதான் ஸ்டைனர் 1933இல் ‘கிங் கொங்’ படத்தில் கையாண்ட வித்தையும். வாக்ஸ்மன் இதில் மகா நிபுணர். ‘ரெபெக்கா’ (1940) படத்தில் இறந்துபோன முதல் மனைவி ஒரு காட்சியிலும் தோன்றுவதில்லை. நோவாகோர்ட் என்ற மின்வாத்தியத்தின் அமானுஷ்ய நாதம் கலந்த அவளுடைய இசைதான் அந்த மாளிகையின் அறைகளில் நடமாடுகிறது. மாண்டவரின் ஆட்சி நடக்கும் வீடு, அதற்குள் வந்து திகைக்கும் புதுமனைவி என்று பார்த்தால், ‘எலிபன்ட் வோக்’ அதே கதை மலையேறி வந்ததுபோலத்தான் எனக்குப் படுகிறது. பரமவுன்ட் நிறுவனத்தார் அவரைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

வாத்தியத்தின் நிறத்தையே கதையாக்குவதும் அவருக்குக் கைவந்த கலை. ‘பிரைட் ஒப் பிராங்கன்ஸ்டைன்’ (1935) படத்தில் பிணங்களிலிருந்து பெண்ணொருத்தி உருவாகும் கட்டத்தில் பேரிகை இதயத் துடிப்பாக ஓயாமல் அடிக்கிறது. ‘சன்செட் பூலவார்ட்’ (1950) படத்தின் முடிவில், புத்தி பேதலித்த பழைய நடிகை படியிறங்கி வரும்போது, அவளுடைய பிரமையை இசை பரிகசிக்கவில்லை; அவள் மனத்துக்குள் ஓடும் ராஜநடனத்தையே நமக்கும் கேட்கத் தருகிறது. ‘எ பிளேஸ் இன் த சன்’ (1951) படத்தில் சாக்ஸபோனைக் கொண்டு மோகத்தைச் சொன்னார். இவ்விரண்டு படங்களுக்கும் அடுத்தடுத்து ஒஸ்கார் விருது கிடைத்தது.

நம் தீவில் எடுத்த இன்னொரு படத்தின் இசை, ‘எலிபன்ட் வோக்’ இசையைவிடப் பிரசித்தம். கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாக மலையேறும் பஸ் கடந்துபோகும் கித்துல்கலையில், களனி கங்கைமீது பாலம் கட்டி, 1957இல் அதை வெடி வைத்துத் தகர்த்து எடுத்தது ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’. யுத்தக் கைதிகள் கிழிந்த உடையோடு சீழ்க்கையடித்து வரும் மெட்டு 1914இல் இயற்றப்பட்ட ஒரு பட்டாள அணிநடை. இசையமைப்பாளர் மல்கம் ஆர்னல்ட் அதை அப்படியே விட்டு, அதன்மேல் தமது சொந்த அணிநடை ஒன்றைப் பின்னினார். பத்து நாள் அளவில் எழுதி முடித்த அந்த இசைக்கும் ஒஸ்கார் கிடைத்தது. சீழ்க்கை கைதிகளுடையது, வாத்தியக்குழு அவர்களுடைய மானத்தினுடையது என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள். ஆயுதமில்லாத கூட்டம் எப்படிப் படையாகிறது என்பது காதிலேயே விளங்கும்.

ஆயினும் குறையொன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ‘எலிபன்ட் வோக்’ படத்தில் துரைக்கும் துரைசானிக்கும் மனமும் அதன் கொந்தளிப்பும் உண்டு. யானைக்குக்கூடத் தன் உரிமை உண்டு. கொழுந்து பறித்தவர்களும் வாந்திபேதியில் மடிந்தவர்களும் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகவே போகிறார்கள். இசை என்பது கதை யாரை மதிக்கிறதோ அவரைத் தொடர்ந்து செல்வது. கதையில் முகமில்லாதவனுக்கு இசையமைப்பாளர் எவ்வளவு மேதையாக இருந்தாலும் தனியொரு மெட்டுத் தர இயலாது. அக்காலத்து ஹொலிவுட்டில் கீழைத்தேசம் என்றாலே வளைந்து நெளியும் ஓர் ஓபோவும் தூரத்து முரசும் போதும் என்ற சம்பிரதாயமும் இருந்தது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு எழுத்தைக் கற்று, வயலின் கூட்டத்தைக் கிராமத்து மனிதனின் துக்கத்துக்கும் பேசச் செய்தபோதுதான் அந்தக் கணக்கு ஒருவாறு நேராகியது என்பது என் அபிப்பிராயம். அவருடைய பின்னணி இசையில் ஊறிய காதுகளுக்கு வாக்ஸ்மனைக் கேட்பதில் சிரமம் இராது.

தொடங்க விரும்புபவர் கைத்தொலைபேசியில் ‘ரெபெக்கா’ இசையை முதலில் படமில்லாமல் கேட்டு, பிறகு படத்தோடு பார்க்கலாம்; பேர்னாட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே கொண்டு அமைத்த ‘சைக்கோ’வைப் (1960) பகலில் கேட்பது உசிதம். அல்பிரட் நியூமனையும் மறக்க வேண்டாம். அவருடைய ‘த ரோப்’ பட இசை ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறாதது கண்டு கொதித்த வாக்ஸ்மன், தமக்கு இரு முறை விருது தந்த அந்த அகாதமியிலிருந்தே விலகிக்கொண்டார். நியூமனோ ஒன்பது ஒஸ்கார்கள் பெற்றவர். அவர் பெயர் கேள்விப்படாதவர்களும், படம் தொடங்குமுன் ட்வென்டியத் செஞ்சுரி பொக்ஸ் சின்னத்தோடு முழங்கிவந்த, அவர் 1933இல் இயற்றிய அந்த எக்காளத்தைக் கேட்டிருப்பார்கள்.