எந்தப் புகாருக்கு எந்த அலுவலகம்? தாம்பரம் வட்டாரத்தில் கட்டணமில்லாச் சட்டத் தகவல்

சென்னையின் தென்புறநகர் மக்களுக்கு வாடகை, மனை, வடிகால், காவல் நிலையப் புகார் ஆகியவற்றில் எழும் சிக்கல்களுள் பல, வழக்கறிஞருக்கான கட்டணமோ நீதிமன்ற வழக்கோ இல்லாமலேயே தீரக்கூடியவை. ஆயினும் எந்தச் சிக்கலை எந்த அலுவலகம் விசாரிக்கும் என்பது தெரியாததால், முறையான கோரிக்கைகளும் ‘இது எங்கள் எல்லையில் வராது’ என்ற பதிலோடு திரும்பி வருகின்றன. ஓர் அலுவலகம் எந்த நிலப்பரப்புக்குள், எந்தப் பொருள் குறித்து முடிவெடுக்கலாம் என்று சட்டம் வகுத்துள்ள அளவே அதிகார வரம்பு எனப்படுகிறது. தாம்பரம் வட்டாரத்தில் சட்டத் தகவலைத் தேடுவோர் முதலில் அறிய வேண்டியதும் அதுவே.

அவ்வரம்புகள் இங்கே அண்மைக் காலத்தில் அடுத்தடுத்து மாறியுள்ளன. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தாம்பரம், பல்லாவரம் வட்டங்கள் அதனுள் அமைந்தன. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. 2022 சனவரி முதல் தாம்பரம் காவல் ஆணையரகம் இயங்கத் தொடங்கியது. இம்மூன்றின் எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பள்ளிக்கரணையில் வசிப்பவருக்குக் குப்பையும் சாலையும் பெருநகர சென்னை மாநகராட்சியின் பொறுப்பு. நிலப் பதிவேடு சென்னை மாவட்டத்துச் சோழிங்கநல்லூர் வட்டத்தைச் சேர்ந்தது. காவல் நிலையமோ தாம்பரம் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. ஆகவே உள்ளாட்சி, வருவாய் வட்டம், காவல் நிலையம் ஆகிய மூன்றின் பெயரையும் தம் முகவரிக்கு உரியவாறு குறித்து வைத்துக்கொள்வது, எந்தச் சட்டப் பிரிவைப் படிப்பதற்கும் முன்னர் செய்யவேண்டியதாகும்.

ஏரிகளை ஒட்டிக் குடியிருப்புகள் பெருகிய செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை போன்ற பகுதிகளில் மனை குறித்த ஐயங்களே மிகுதி. பட்டா என்பது நிலம் யார் பெயரில் உள்ளதென வருவாய்த் துறை வைத்திருக்கும் பதிவு. ‘அ’ பதிவேடு அந்நிலத்தின் வகைப்பாட்டையும், புலப்படம் அதன் எல்லை அளவுகளையும் காட்டுவன. இவற்றைத் தமிழக அரசின் மின்சேவைத் தளத்தில் வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்துக் கட்டணமின்றிப் பார்க்கலாம். நகர நில அளவை முடிந்த பகுதிகளில் வார்டு, பிளாக், நகரப் புல எண் ஆகியவை தேவைப்படும். ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காலவரிசையில் தரும் வில்லங்கச் சான்றையும் பதிவுத் துறைத் தளத்தில் இலவசமாகப் பார்வையிடலாம். சான்றிட்ட படிக்கு மட்டுமே கட்டணம் உண்டு. எனினும் பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. பதிவு செய்யப்படாத கொடுக்கல் வாங்கல் எதுவும் வில்லங்கச் சான்றில் இடம்பெறாது. ஏரிப் புறம்போக்கு, அதாவது நீர்நிலைக்கென ஒதுக்கப்பட்ட அரசு நிலம், ஆக்கிரமிக்கப்பட்டால் அதை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்வதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

வாடகைக்குக் குடியிருப்போருக்கு 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் பொருந்தும். வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருந்து, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவரை, அட்வான்ஸ் தொகை மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் அது கூறுகிறது. மாறாக எழுதிய ஒப்பந்தம் இப்பாதுகாப்பை இல்லாமலாக்கிவிடும் என்பதால், கையொப்பமிடும் முன் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வீட்டைக் காலி செய்விக்கும் வழக்கை வாடகை நீதிமன்றமே விசாரிக்கும்.

காவல் துறையைப் பொறுத்தவரை எல்லைச் சிக்கலைச் சட்டமே ஓரளவு தளர்த்தியுள்ளது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்தப் பகுதியில் நிகழ்ந்திருந்தாலும் அது பற்றிய தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் அளிக்கலாம் என்று கூறுகிறது. முதல் தகவல் அறிக்கையின் படியைப் புகார் கொடுத்தவர் கட்டணமின்றிப் பெறுவதும் அதன்படி உரிமையாகும். வழக்காகப் பதிவு செய்யப்படாத புகாருக்குச் சி.எஸ்.ஆர். எனப்படும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குவது, பின்னர் மேல் அதிகாரியை அணுகுவதற்கு ஆதாரமாகும்.

தகவல் மட்டும் போதாத நிலையில் வழக்கறிஞரின் துணையையும் அரசே வழங்குகிறது. 1976-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 39-அ உறுப்பின் வழிவந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் உள்ளோர், பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் வருமானம் எதுவாயினும் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். மற்றவர்களுக்கு அரசு வரையறுத்த ஆண்டு வருமான உச்சவரம்பு உண்டு. மாநில ஆணைக்குழு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும், மாவட்ட ஆணைக்குழு செங்கல்பட்டிலும் இயங்க, எந்தக் குழுவை அணுகுவது என்று தெரியாதவர்கள் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். இவ்வமைப்புகள் நடத்தும் லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம், இரு தரப்பும் இசைந்து முடித்துக்கொள்வதற்கான மன்றமாகும். அதன் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது, மேல்முறையீட்டுக்கு இடமற்றது, முன்பு செலுத்திய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறவும் வழிசெய்வது.

எந்த அலுவலகமும் தன் பொறுப்பை ஏற்காதபோது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவுகிறது. ஒரு வடிகாலைப் பராமரிப்பது மாநகராட்சியா, நீர்வளத் துறையா, நெடுஞ்சாலைத் துறையா என்ற கேள்வியைப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். தகவல் வேறோர் அலுவலகத்தில் இருந்தால், மனுவை ஐந்து நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்பும் கடமை, 6-ஆம் பிரிவின்படி, அதைப் பெற்ற அலுவலகத்தையே சாரும். முப்பது நாட்களில் பதில் வராவிடில் முதல் மேல்முறையீடு செய்ய மேலும் முப்பது நாட்கள் உண்டு. இங்ஙனம் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கெடு இருப்பதாலும், நுகர்வோர் புகாரைக்கூட இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதாலும், மனுக்களின் படிகளையும் தேதியிட்ட ஒப்புகைகளையும் தொடக்கம் முதலே சேர்த்து வைப்பவருக்கே இலவசமாகக் கிடைத்த தகவல் முழுமையாகப் பயன்படும்.