அகக்காழும் புறக்காழும்

தொல்காப்பியர் மரபியலில், புறத்தே காழ், அஃதாவது வயிரம், உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் பிரித்துரைத்தார். இதன்படி வானளாவும் பனையும் தெங்கும் புல்லினத்தனவாம். இதனைக் கேட்டு நகைப்பார் சிலர் உளர். அந்நகை தக்கதோ என்பதைத் தாவர நூல் கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

செடியின் உடலுள் இருவகைக் குழாய்கள் ஓடுகின்றன. வேர் உறிஞ்சிய நீரை மேலேற்றுவது சைலம். இலை சமைத்த உணவைப் பிற உறுப்புகட்குக் கொண்டு செல்வது புளோயம். இவையிரண்டும் கூடிய கட்டினைக் குழாய்க்கற்றை என்போம்.

வேம்பு, தேக்கு முதலிய இருவித்திலைத் தாவரங்களின் இளந்தண்டைக் குறுக்கே அரிந்து நோக்கின், கற்றைகள் வளையமாக நிற்றல் காணலாம். கற்றைதோறும் சைலம் உள்ளும் புளோயம் வெளியும் அமைய, இடையே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படை உளது. அஃது உள்நோக்கிச் சைலத்தையும் வெளிநோக்கிப் புளோயத்தையும் மேன்மேலும் பிறப்பிக்கும். அடிமரம் பருப்பது இதனாலே. பழைய சைலம் நடுவில் ஒதுங்கி, நீரேற்றுந் தொழில் ஒழிந்து, பிசினும் நிறமும் ஏறி இறுகும். அதுவே அகக்காழ். பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போவது ஏன்? பட்டையோடு புளோயமும் போய்விட, வேர் உணவின்றி மாள்கின்றது.

பனையின் அமைப்பு வேறு. ஒருவித்திலையினதாகிய அதன் தண்டில் கற்றைகள் வளையமாக நில்லாது சிதறிக் கிடக்கின்றன. புறத்தே நெருங்கியும் அகத்தே அருகியும் உள்ளன. ஒவ்வொன்றையும் தடித்த நார் காத்து நிற்றலால், அவை நெருங்கிய புறம் வயிரமாகின்றது, நடுவோ வெறுஞ்சோறு. சட்டம் அறுப்போர் புறத்தைக் கொள்வதும், சோற்றைக் குடைந்தெடுத்து அடிமரத்தை நீர் பாய்ச்சுந் தோணியாக்குவதும் இது பற்றியே. அவர் கையில் தைக்கும் கருஞ்செறும்பு இக்கற்றையின் நாரேயன்றிப் பிறிதன்று. கேம்பியம் இன்மையால், தென்னையில் ஏறுதற்கு வெட்டிய படி எத்தனை ஆண்டாயினும் மூடுவதில்லை. நெல்லும் கரும்பும் மூங்கிலும் ஒருவித்திலையினவே. அவற்றின் தண்டிலும் கற்றைகள் வளர்படையின்றியே உள்ளன. எனவே பனையைப் புல்லொடு சேர்த்ததில் நகைத்தற்கு இடமில்லை. (வேரினுள் இவ்வேற்றுமை இத்துணைத் தெளிவன்று; ஆண்டு இருவகையினும் சைலமும் புளோயமும் மாறிமாறி நிற்கும்.)

எனினும் இரு பகுப்பும் முற்றும் ஒன்றே எனச் சாதிப்பார் கூற்றையும் யாம் ஏற்கிலோம். தொல்காப்பியர் நோக்கியது காழின் இடம்; இன்றையோர் நோக்குவது வித்திலையும் கற்றையின் நிலையும். முருங்கையின் கற்றைகள் வளையமாகவே நிற்பன. ஆயினும் அதன் அகம் மென்மையே. வாழையின் அடியோ தண்டே அன்று, இலையடிகளின் சுருள். விடுதியில் நாம் சலியாது உண்ணும் வாழைத்தண்டு, குலையைத் தாங்கி அதனுள் எழுவது. அதனை அரியுங்கால் கத்தியைத் தொடரும் நூல்கள் சிதறிய கற்றைகளினின்று வருவன. காழோ அதற்கு அகத்தும் இல்லை, புறத்தும் இல்லை.