கழுத்து மட்டும்

அந்தமானில் சாத்தம் ஜெட்டியிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் ஃபெர்ரியில், நின்றபடி வருகிறவர்களின் முழங்காலைப் பாருங்கள். வேறொரு படகு கடந்துபோன அலை வந்து தட்டும். தளம் லேசாகச் சாயும். முழங்கால் தானாக மடங்கும், இடுப்பு ஒரு பக்கம் நழுவும், தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு கையில் மீன் பையும் மறு கையில் குழந்தையுமாக நிற்பவரும் இதை யோசித்துச் செய்வதில்லை. உள்காதும் கண்ணும் கூடிப் பேசி முடித்துவிடுகின்றன.

ஓர் உறுப்பு அசைய மற்றவை சும்மா இருப்பதுதான் ஜாஸ் நடனத்தின் உயிர். நடனக்காரர்கள் இதை ஐசொலேஷன் என்பார்கள். நாம் 'தனியசைவு' என்று வைத்துக்கொள்வோம். பரதம் பயிலும் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. தோள் அசையாமல் கழுத்தை இடவலமாக நகர்த்தும் அட்டமியை எட்டு வயதுப் பிள்ளை கண்ணாடி முன் நின்று மணிக்கணக்கில் பழகுகிறது. கழுத்து நகரும்போது தோளும் கூடவே வரத் துடிக்கும். அதை வராமல் நிறுத்திவைப்பதில்தான் பாதி உழைப்பு. பார்ப்பவருக்கு அசைவு தெரிகிறது. ஆடுபவருக்கு வலிப்பது அசையாத இடம்.

ஜாஸ் ஆட்டம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சொத்து. 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அங்கே வந்த சட்டம் அவர்கள் முரசு கொட்டுவதைத் தடுத்தது. முரசில் செய்தி போகும் என்ற பயம்! முரசைப் பிடுங்கலாம், தொடையையும் குதிகாலையும் பிடுங்க முடியுமா? உடம்பே தாளக்கருவி ஆனது. 1926-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சவோய் நடனக்கூடம் திறந்தது; அந்தக் கால்கள் பிறகு அங்கே ஸ்விங் இசைக்கு ஆடின.

ஸ்விங் எப்படி வேலை செய்கிறது? நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி. அதைச் சரிபாதியாகப் பிரித்தால் நடு அடி கால் விநாடியில் விழ வேண்டும். ஸ்விங் வாசிப்பவரோ அதை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குத் தள்ளுகிறார், நம் திஸ்ர நடையின் மூன்றாவது எழுத்தைத் தொடுவதுபோல. தாமதம் ஒரு விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அந்த இம்மியளவு தாமதம்தான் காலைச் சும்மா இருக்க விடுவதில்லை. தாளம் தொடங்கியபின் தள்ளி எடுக்கும் அனாகத எடுப்பைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ருசி புரியும்.

மானுடவியல் படித்த கேத்தரின் டன்ஹம் 1935-இல் கரீபியத் தீவுகளுக்குப் போனார். ஹைட்டியில் மக்களோடு ஆடிக் கற்ற இடுப்பு, தோள் அசைவுகளை ஒரு பயிற்சிமுறையாகவே வகுத்தார். ஜாஸ் வகுப்புகளில் தனியசைவுப் பயிற்சி நிலைத்ததில் இவர் பங்கு பெரிது.

இனி நம் பக்கத்துக் கதை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தேவதாசி மரபில் வந்த கௌரி அம்மாளிடம், 1930களில் லா மெரி என்ற அமெரிக்கப் பெண் அபிநயம் கற்றார். அந்த லா மெரியிடம் பரதம் கற்றவர்களில் ஒருவர் அமெரிக்க நடனக்காரர் ஜாக் கோல். இவர் அரைமண்டியில் அமர்ந்து, அட்டமியும் முத்திரையும் துல்லியமாகப் பிடித்து, பின்னணியில் ஸ்விங் இசையை ஓடவிட்டார்! நியூயார்க் இரவு விடுதிகள் திகைத்தன. அரைமண்டியில் உடலின் எடை தாழ இறங்குகிறது. பாம்பூஃப்ளாட் பயணியின் மடங்கிய முழங்கால் போலவே எந்தப் பக்கமும் பாயத் தயாராக இருக்கிறது. ஜாஸுக்கு வேண்டியதும் அதுதான்.

1940களில் ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனத்தில் ஒரு நடனக்குழுவைக் கட்டி, அதற்குப் பரதமும் சேர்த்துத் தினமும் பயிற்சி தந்தார் கோல். இங்கே 1947-இல் சென்னை மாகாணம் தேவதாசி ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்து, கோயிலில் ஆடுவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. மயிலாப்பூரில் மூடிய கதவு எங்கே திறந்திருக்கிறது பாருங்கள்.

கோலின் உதவியாளர் க்வென் வெர்டன். அவர் 1960-இல் மணந்தவர் பாப் ஃபாசி. உள்நோக்கித் திருப்பிய முழங்கால், தொப்பி, கையுறை, ஒற்றை விரலின் சொடுக்கு என்று மேடையையே மாற்றியவர். வழுக்கையை மறைக்கத்தான் தொப்பி என்பார்கள். பரதத்தில் ஒற்றைக் கை முத்திரைகளே 28; ஃபாசி கைக்கு உறை மாட்டிவிட்டு மணிக்கட்டைப் பேசவைத்தார். ஜாஸ் அசைவுகளை மேற்கத்தியப் பாப் வழியே வாங்கித் தமிழ்த் திரைக்குத் தந்த பிரபுதேவாவும் முதலில் பயின்றது பரதம். பாம்பூஃப்ளாட் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பையன் அவர் பாட்டுக்குத் தோளை மட்டும் வெட்டினால், அந்த வெட்டு இரண்டு கடல் தாண்டிப் போய்த் திரும்பியது.

ஜாக் கோலை 'ஜாஸ் நடனத்தின் தந்தை' என்று புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு அந்தப் பட்டம் ஒப்பவில்லை. சவோயின் கால்களும் மயிலாப்பூரின் கழுத்தும் இல்லாமல் அவர் பாணி இல்லை.

1953-இல் வந்த 'ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்' படத்தில் மர்லின் மன்றோ ஆடும் வைரப் பாட்டு கோல் அமைத்தது. இணையத்தில் கிடைக்கும். ஒலியை அணைத்துவிட்டு, தோளையும் கழுத்தையும் மட்டும் ஒருமுறை பாருங்கள்.