எஞ்சின் மூச்சுவிட உதவும் சிறு வால்வு

லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் சொந்தக் கார் வைத்திருப்போர் பலருளர். அவற்றுள் பழைய வண்டிகளும் உண்டு. அவசர வேளையில் நோயாளியைச் சிகாமட் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல அந்த வண்டியையே நாம் நம்பியிருக்கிறோம். அதன் எஞ்சினைக் காக்கும் பி.சி.வி. வால்வு என்னும் கட்டைவிரலளவுப் பொருளையோ நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பெட்ரோல் எரியும்போது, ஆவியில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து, எண்ணெய் தங்கும் அடியறைக்குள் புகுந்துவிடுகிறது. அங்கேயே தங்கினால் எண்ணெய் சேறுபோல் கெட்டியாகும். அழுத்தம் மிகுந்து, மூட்டுகளின் வழியே எண்ணெய் கசியும். முற்காலக் கார்கள் இவ்வாவியை வெளியே விட்டுக் காற்றை மாசுபடுத்தின. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1961-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இதற்குத் தடுப்பு ஏற்பாட்டைப் புகுத்தியது. இவ்வால்வு அந்த ஆவியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பி எரியச் செய்கிறது.

1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா போன்ற பழைய கார்களில் இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்தி ஆறவிடுக. மேல்மூடியிலிருந்து காற்று உட்புகும் பகுதிக்குச் செல்லும் இரப்பர் குழாயின் முனையில் வால்வு இருக்கும். அதனைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே 'கடகட' எனும் ஒலி கேட்க வேண்டும். கேளாவிடில் அது சிக்கிக்கொண்டது என்று பொருள்.

பின்னர், வால்வைக் குழாயுடன் இணைத்தவாறே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அதன் திறந்த முனையில் விரலை வைத்துப் பார்ப்போம். உறிஞ்சும் விசை தெரிய வேண்டும். தெரியாவிடில் வால்வோ குழாயோ அடைபட்டிருக்கும். விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகே கையோ துணியோ செல்லாதிருப்பது மிக முக்கியம்.

குழாயில் வெடிப்பிருந்தால் தேவையற்ற காற்று புகுந்து எஞ்சின் நடுங்கும். அதற்கு மாற்றாகச் சாதாரண இரப்பர்க் குழாயைப் பொருத்துதல் கூடாது. நாம் வெட்டும் மரத்துப் பாலில் உருவாகும் இயற்கை இரப்பர் எண்ணெய் பட்டால் ஊதி மென்மையாகிவிடும். எண்ணெயைத் தாங்கும் செயற்கை இரப்பர்க் குழாயையே கேட்டு வாங்க வேண்டும்.

புதிய கார்கள் சிலவற்றில் வால்வு மூடியினுள்ளேயே அமைந்திருக்கும். அவற்றைப் பட்டறையில் காட்டுவதே நன்று.

வால்வின் விலை சிறிது. எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யும் செலவோ பெரிது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் இச்சோதனையையும் செய்துவிடும் பழக்கத்தை நாம் மேற்கொள்வோமாக.