வட சஸ்காச்சுவானில் பைக் மீன்பிடிப் பயணம்: சுயமாகத் திட்டமிடுதல்

பைக் என்பது வட அரைக்கோளத்தின் குளிர்ந்த நன்னீரில் வாழும் ஊனுண்ணி மீன். இதன் அறிவியல் பெயர் ஈசாக்ஸ் லூசியஸ். பழைய காலப் போர்வீரர்களின் நெடிய ஈட்டியே இப்பெயருக்கு மூலம். இருசக்கர வண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடபகுதியிலுள்ள ரெயின்டீர், வொல்லஸ்டன் ஏரிகள் பெரிய பைக் மீன்களுக்குப் பெயர்பெற்றவை. விடுதியும் வழிகாட்டியும் இல்லாமல் தாமே ஏற்பாடு செய்துகொண்டு செல்வோரும் உண்டு. செலவு குறையும். ஆனால் விடுதிக்காரர் கவனிக்கும் ஒவ்வொன்றையும் தாமே முன்கூட்டி யோசிக்க வேண்டும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தேதி. பனிக்கட்டி உருகியதும் பைக் மீன்கள் ஆழமற்ற, புல் நிறைந்த விரிகுடாக்களில் முட்டையிடுகின்றன. பிறகும் சில வாரங்கள், வெயிலில் சீக்கிரம் சூடாகும் அந்த நீரிலேயே இரை தேடுகின்றன. படகு சிறியதாக இருந்தாலும் பெரிய மீனை எட்ட முடிவது அப்போதுதான். கோடை முற்றியதும் பெரியவை குளிர்ந்த ஆழத்துக்கு நகர்ந்துவிடும். வடக்கே போகப்போகப் பனி உருகுவது தாமதமாகும். சில ஆண்டுகளில் ஜூன் வரையிலும் பெரிய ஏரிகளில் பனி கிடக்கும். ஆகவே பயணச்சீட்டு வாங்குமுன் உள்ளூர் விமான நிறுவனத்திடம் கேட்பது நல்லது.

லா ரோஞ்ச் நகரிலிருந்து சுமார் 220 கி.மீ. தொலைவில், ரெயின்டீர் ஏரியின் தென்முனையில் சவுத்எண்ட் என்ற கிரீ பழங்குடி மக்களின் ஊர் உள்ளது. 102-ஆம் நெடுஞ்சாலை அங்கே முடிகிறது. வழியின் பெரும்பகுதி சரளைச் சாலை. உபரி டயர் இல்லாமல் போகக்கூடாது. அதற்கும் அப்பால் செல்ல மிதவை விமானம் தேவை. அதில் ஆளோடு சேர்த்து ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அடுப்பு எரிவாயுக் குப்பியையும் கரடி விரட்டும் தெளிப்பானையும் பயணிகள் விமானத்தில் கொண்டுசெல்ல முடியாது. அவற்றை லா ரோஞ்சில் வாங்கி, மிதவை விமானியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தூண்டில்களைப் பற்றி மாதக்கணக்கில் பேசுபவர்கள் திரும்பும் வழியைப் பற்றிக் குறைவாகவே யோசிக்கிறார்கள். மூடுபனியோ பலத்த காற்றோ இருந்தால் விமானம் வராது. மூன்று நாள் உபரி உணவு ஆடம்பரமல்ல. கைப்பேசி இணைப்பு கிடைக்காது. செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வேண்டும். பயணத் திட்டத்தின் பிரதி ஊரில் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

பெரிய ஆபத்து கரடி அல்ல, தண்ணீர். அண்மையில் பனி உருகிய நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க ஏறக்குறைய 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம் என்று குளிர்நீர்ப் பாதுகாப்புப் பயிற்சியில் சொல்வார்கள். உயிர்காப்பு உடையைப் படகில் வைத்திருந்தால் போதாது, அணிந்திருக்க வேண்டும்.

கருவிகள் எளியவை. பைக்கின் பற்கள் நரம்பை அறுத்துவிடும். எனவே தூண்டிலுக்கு முன் ஓரடி உலோகக் கம்பி அவசியம். நீண்ட மூக்குக் குறடும் வேண்டும். மாகாண உரிமம் சட்டப்படி கட்டாயம்; எதிர்முள் இல்லாத கொக்கியே நல்லது.

குளிர்ந்த நீரில் இம்மீன் மெதுவாகவே வளரும். ஒரு மீட்டர் நீளமுள்ளது பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண் மீன். அதை நீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விட்டுவிட வேண்டும். சமைக்கச் சிறியதே நல்லது. பைக்கில் கவட்டை வடிவ முட்கள் அதிகம். கெண்டை மீன் தின்று பழகியவர்களுக்கு அது சிரமமில்லை. மீனைக் கூடாரத்திலிருந்து தள்ளியே கழுவ வேண்டும். கருங்கரடியின் மோப்பம் கூர்மையானது.